கிண்டியில் சேர்ந்தவர்களுக்கு அடையாறு: பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை

கிண்டிப் பொறியியல் கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்றால் முதல் வாரத்துக்குள் ஒருமுறையாவது காந்தி மண்டபம் சாலை வழியாக நந்தனம் பக்கம் போயிருப்பீர்கள். கோட்டூர்புரம் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் இருப்பவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அந்த நாற்றம்தான் பெரும்பாலான மாணவர்களுக்கு அடையாறு. நான்கு வருடம் இங்கே படித்துவிட்டு அதற்கு மேல் எதுவும் தெரியாமல் ஊருக்குத் திரும்பியவர்கள் என் வகுப்பிலேயே நிறையப் பேர். நானும் மூன்றாம் வருடம் வரை அப்படித்தான் இருந்தேன்.

உங்கள் கல்லூரி ஒரு சர்வே பள்ளியாகப் பிறந்தது. சர்வேயர் மைக்கேல் டாப்பிங் சொன்ன யோசனையின் பேரில் 1794-ல் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு தொடங்கியது. கிண்டிக்கு இடம் மாறியது 1920-ல். நிலத்தையும் நீரையும் அளக்கக் கற்றுக்கொடுக்க வந்த பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு ஆறு, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அது கடலில் சேரும் கழிமுகம். இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எந்த வளாகத்துக்குள்ளும் கிடையாது. சிவில் மாணவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. கணினித் துறைப் பையன் ஒருவன் எங்களோடு தவறாமல் வந்தான். பறவைகளை அவனளவுக்கு யாரும் அடையாளம் காணவில்லை.

கீழே உள்ளது இரண்டு நாளில் முடிகிற வழி. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழிமுகம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடமில்லை. காலையில் பார்த்த தண்ணீர் மாலையில் வேறு திசையில் ஓடும். மார்ச்சில் மணல்மேடாகக் கிடந்த இடம் நவம்பரில் ஆழமான வாய்க்கால். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் அதே இடத்துக்கு இன்னொரு நேரத்தில் மறுபடியும் போக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

ஒரு நோட்டு, பேனா, தொப்பி, தண்ணீர் பாட்டில், மூடிய செருப்பு அல்லது பழைய ஷூ. பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாங்க வேண்டாம், ஐந்து பேருக்கு ஒன்று போதும். ரப்பர் கையுறையும் சோப்பும் கட்டாயம். கோடையில் இந்த ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு கழிவுநீர். காலில் சின்னக் காயம் இருந்தாலும் சேற்றில் இறங்கக் கூடாது. குளிப்பது, நீந்துவது, முகத்துவாரத்தைக் கடந்து அக்கரைக்குப் போவது என்ற பேச்சே வேண்டாம். மணல்திட்டின் ஓரம் பார்க்கத் திடமாக இருக்கும். அடியில் தண்ணீர் அரித்திருக்கும். நின்ற இடம் அப்படியே உட்கார்ந்துவிடும்.

அடுத்தது, ஓத அட்டவணை. ஓதம் என்றால் கடல்நீர் ஏறி இறங்குவது. சென்னைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறே கால் மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். மற்ற நாளில் வித்தியாசம் குறைவு. நம் கரையில் பெரிய ஓதத்திலும் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். குஜராத் கடற்கரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அடையாறு மாதிரி தட்டையான ஆற்றுக்கு ஒரு மீட்டர் பெரிய விஷயம். செல்போனில் ஓத நேரம் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவசரத்துக்கு வீட்டு நாள்காட்டியில் திதி பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

முதல் பயணத்துக்கு, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய ஒரு சனி ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். மாதம் என்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சிறந்தது. வலசைப் பறவைகள் இருக்கும், வெயில் தாங்கும், ஆறு கடலில் சேரும் வாய் மணலால் அடைபடாமல், மழை வெள்ளத்தில் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் படி: கோட்டூர்புரம் பாலம்

கல்லூரியிலிருந்து காந்தி மண்டபம் சாலையில் வடக்கே நடங்கள். பிர்லா கோளரங்கம், 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் தாண்டி நேரே போனால் பாலம். காலை ஆறரைக்கு அங்கே இருந்தால் வண்டித் தொல்லை இல்லை.

பாலத்தின் நடைபாதையில் நின்று முதலில் மேற்கே பாருங்கள். இந்த ஆறு எங்கோ மலையில் பிறந்து வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் ஒன்றுசேர்ந்து உருவாவது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியும் வந்து விழும். மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான். விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை இந்த ஆற்றின் மேல் பாலம் போட்டுத்தான் போகிறது. அதற்குக் கீழே சைதாப்பேட்டை. அங்கே கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ல் தன் பணத்தில் கட்டிய மர்மலாங் பாலம் இருந்தது. இன்று அதே இடத்தில் மறைமலையடிகள் பாலம். சென்னைக்கும் பரங்கிமலைக்கும் நடுவே நின்ற தடை இந்த ஆறுதான் என்பது அந்தப் பழைய பாலத்தை நினைத்தால் விளங்கும்.

ஏரிகளின் உபரியால் பிழைக்கிற ஆறு என்பதால் இதன் குணம் மூன்று வகை. எட்டு மாதம் சாக்கடை, இரண்டு மாதம் ஆறு, சில வருடம் இரண்டு நாள் அசுரன். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அதோடு நடுவில் உள்ள ஏரிகளின் நீரும் சேர்ந்து வந்தது. சைதாப்பேட்டையில் பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடியது. கோட்டூர்புரத்தில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் மூழ்கின. அந்தத் தெருக்களில் ஒரு டீக்கடையில் நின்று, "அண்ணா, அந்த வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் எழுந்து வந்து சுவரில் கைவைத்துக் காட்டுவார். அந்த உயரத்தை நோட்டில் எழுதுங்கள். பிறகு பாலத்துக்குத் திரும்பி வந்து, இப்போது ஓடும் நீர்மட்டத்தோடு கண்ணளவில் ஒப்பிடுங்கள். வெள்ளச் சமவெளி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குப் புரிந்த அளவு எந்த வகுப்பிலும் புரியவில்லை.

பாலத்துக்குக் கீழே ஆகாயத்தாமரை இருக்கிறதா பாருங்கள். எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே போகப் போக இது வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: ஒரு ஸ்டேஷன் ரயில்

கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் ஏறி அடுத்த நிறுத்தமான கிரீன்வேஸ் ரோட்டில் இறங்குங்கள். இரண்டு நிமிடப் பயணம். கிழக்குப் பக்க ஜன்னலில் நில்லுங்கள். உயரத்திலிருந்து ஆறு விரிவதைப் பார்க்க இதைவிட மலிவான இடம் கிடையாது. பக்கிங்காம் கால்வாய் ஆற்றோடு சேரும் இடமும் இதே பகுதிதான். ரயில் பாதையே பெரும்பாலும் அந்தக் கால்வாயின் மேல்தான் போகிறது. கால்வாய்க்குள் தூண்களை நிறுத்தியதில் அதன் அகலம் எவ்வளவு போனது என்பதையும் மேலிருந்தே பார்க்கலாம்.

மூன்றாம் படி: திரு.வி.க. பாலத்தில் அரை மணி நேரம்

கிரீன்வேஸ் ரோட்டில் கிழக்கே நடந்து அடையாறு பாலத்துக்கு வாருங்கள். மெட்ரோ வேலை நடக்கும் பகுதி, நடைபாதை அவ்வப்போது மாறும். வழி கேட்டுப் போங்கள். பாலத்தின் பெயர் திரு.வி.க. பாலம், 1973-ல் வந்தது. அதற்கு முன் இருந்தது எல்ஃபின்ஸ்டன் பாலம். கழிமுகம் என்று சொல்லத்தக்கது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இங்கே அவசரப்படாதீர்கள். கிழக்குப் பக்க நடைபாதையில் ஒரு தூணுக்கு நேர் மேலே நின்றுகொள்ளுங்கள். தண்ணீரில் மிதக்கும் எதையாவது ஒன்றைக் கண்ணில் பிடியுங்கள். ஆகாயத்தாமரைக் கொத்து, தென்னை மட்டை, தெர்மாகோல் துண்டு, எதுவானாலும் சரி. நீங்களாக எதையும் போட வேண்டாம். தூணைக் குறியாக வைத்து ஐந்து நிமிடம் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

நான் முதன்முதலில் இதைச் செய்தது ஒரு ஜனவரி காலை. ஒரு காய்ந்த தென்னை மட்டை பாலத்துக்குக் கிழக்கே, கடல் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. அது கடலுக்குப் போகும் என்று காத்திருந்தேன். அது மெதுவாக என்னை நோக்கி வந்தது. தூணில் இடித்து, அரை வட்டம் சுற்றி, பாலத்தின் அடியில் நுழைந்தது. சாலையைக் கடந்து மேற்குக் கைப்பிடிக்கு ஓடினேன். மட்டை கோட்டூர்புரம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆறு பின்னோக்கி ஓடியது. ஏற்றம், கடல் உள்ளே வருகிறது என்று பாடத்தில் படித்ததுதான். ஆனால் கண்ணெதிரே ஒரு ஆறு திரும்பி நடப்பதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

(சாலையைக் கடக்க என்னைப் போல ஓடாதீர்கள். நண்பர் ஒருவரை அந்தப் பக்கம் முன்கூட்டியே நிறுத்துங்கள்.)

எல்லா நாளும் இது தெரியாது. ஆற்றின் வாய் மணலால் அடைபட்டிருந்தால் கடல் உள்ளே வர முடியாது; மிதப்பது காற்றுக்கு ஏற்ப அசையும், அவ்வளவுதான். ஆக, பாலத்தில் நின்று மிதவையைப் பார்த்தே முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்னொரு குறி ஆகாயத்தாமரை. அதற்கு உப்பு ஆகாது. கோட்டூர்புரத்தில் பச்சையாகப் பார்த்த கொத்து இங்கே பழுப்பேறி, இலை கருகிக் கிடந்தால் உப்புநீர் இதுவரை வந்து போகிறது என்று அர்த்தம்.

பாலத்தின் வடக்குக் கரையில் பிரியும் கிளைதான் அடையாறு ஓடை, குவிபில் தீவைச் சுற்றிக்கொண்டு போகிறது. குப்பை கொட்டிக்கொண்டிருந்த அந்த ஓடையின் ஒரு பகுதியான 58 ஏக்கரை மீட்டு 2011-ல் தொல்காப்பியப் பூங்கா ஆக்கினார்கள். அலையாத்திச் செடிகளையும் அவற்றின் மூச்சுவேர்களையும் பாதுகாப்பாகப் பார்க்க நல்ல இடம். சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்தது போல மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வேர்கள்தான் காற்றில்லாத சேற்றில் மரத்தை உயிரோடு வைத்திருக்கின்றன. பூங்காவின் நுழைவு நாள், கட்டண விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

தெற்குக் கரையில் தியசாபிகல் சொசைட்டி (பிரம்மஞான சபை). 1882-ல் இங்கே வந்தார்கள். அவர்கள் வளாகத்தை வெட்டி விற்காமல் வைத்திருந்ததால்தான் கழிமுகத்தின் ஒரு கரையாவது இன்னும் மரங்களோடு இருக்கிறது. உள்ளே புகழ்பெற்ற ஆலமரம். அதன் தாய் மரம் 1989 புயல் காற்றில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. பார்வை நேரம் குறைவு, வாசலில் பலகை இருக்கும். முதல் நாளுக்கு இது போதும்.

நான்காம் படி: முகத்துவாரம்

இரண்டாம் நாள். மாலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். பெசன்ட் நகர் போகிற பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு வாருங்கள். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் இறந்த டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டியது. கடல் பற்றி மேலே நான் சொன்ன எச்சரிக்கைக்கு அந்த வெள்ளைச் சுவரே சாட்சி. அங்கிருந்து கடலை வலக்கைப் பக்கம் வைத்து வடக்கே நடங்கள். ஊரூர் ஆல்காட் குப்பம் வரும்.

குப்பத்தின் வழியாகப் போகும்போது அது அவர்கள் வீட்டு முற்றம் என்ற நினைப்பு வேண்டும். வலை காயும் இடத்தில் மிதிக்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், "ஐயா, இப்போ ஆத்து வாய் தொறந்திருக்குங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகும் கடல் நீரோட்டம் அவர்களுக்குத் 'தெண்டி', வடக்கிலிருந்து வருவது 'வண்ணி'. பொதுவாக நீரோட்டத்துக்கு 'நீவாடு' என்பார்கள். வருடத்தில் அதிக காலம் மணல் நகர்வது தெற்கிலிருந்து வடக்கே. அந்த மணல்தான் கோடையில் அடையாற்றின் வாயை அடைக்கிறது. அதே மணல்தான் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டு மெரினாவை அகலமாக்கியது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்துப்போனதும் இதன் இன்னொரு முகம். கடலோரப் பொறியியலில் ஒரு பருவம் முழுக்க நடத்துகிற விஷயத்தை அந்தப் பெரியவர் இரண்டு வார்த்தையில் வைத்திருக்கிறார்.

குப்பத்தைத் தாண்டினால் உடைந்த பாலம். ஆற்றைக் கடந்து சீனிவாசபுரம் பக்கம் போக 1967-ல் கட்டி, 1977-ல் வெள்ளம் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு போன பாலம். படம் எடுக்க எல்லோரும் வருகிற இடம். சில நாள் போலீஸ் தடுப்பு இருக்கும். இருந்தால் வாதாடாமல் திரும்பி, கடற்கரை வழியாகவே வாயைப் பாருங்கள். பாலத்தில் ஏறினாலும் உடைந்த முனைக்குப் போகவே வேண்டாம். கைப்பிடியை நம்பாதீர்கள்.

இங்கே செய்ய வேண்டியவை: வாயின் அகலத்தைக் கண்ணளவில் குறியுங்கள். சர்வே கற்றவர்கள் கரையில் ஒரு அடிக்கோடு (நீளம் அளந்த நேர்கோடு) நடந்து, இரு முனையிலிருந்தும் எதிர்க்கரைக் குறிக்கு கோணம் எடுத்துக் கணக்கிடலாம். 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற சர்வேயர் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினாரே, அதே முறைதான், ஐம்பது மீட்டரில். வற்ற நேரமென்றால் சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும், பறவைகள் இறங்கியிருக்கும். நீண்ட சிவப்புக் காலோடு நிற்பது பவளக்காலி. சேற்றைக் குத்திக் குத்தி ஓடும் சிறு கூட்டம் உள்ளான். தண்ணீர் மேல் தலைகுனிந்து பறந்து சட்டென்று விழுந்து எழுவது ஆலா. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். கூழைக்கடா சில மாதம் வரும். ஏற்ற நேரமென்றால் இதில் பாதி இருக்காது. அதைத்தான் மறுபடி வந்து பார்க்கச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: உப்பை அளப்பது

இது விருப்பமுள்ளவர்களுக்கு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்ட ஆர்.ஓ. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கயிற்றில் கட்டிய பாட்டிலில் மூன்று இடத்து நீர் எடுங்கள்: கடலலை, முகத்துவாரத்தின் உட்புறம், இன்னும் கொஞ்சம் மேலே. கையுறை போடாமல் எடுக்காதீர்கள். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதாவது மீட்டர் காட்டும் கணக்கில் 35,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). சாதாரண மீட்டர் பத்தாயிரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் ஒரு பங்கு நீரோடு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து அளந்து, வந்ததைப் பத்தால் பெருக்குங்கள். குழாய்த் தண்ணீர் கலந்தால் கணக்கு கெடும், சென்னைக் குழாய்நீரிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எண் துல்லியமாக வராது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாக வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

முடிந்தால் ஒரே இடத்தில் மேல்நீரும் அடிநீரும் தனித்தனியே எடுங்கள். உப்புநீர் கனமானது, நன்னீருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து மேலேறும். மழைக்குப் பிறகு மேலே ஆயிரங்களிலும் கீழே பல ஆயிரங்களிலும் மீட்டர் காட்டினால் அந்த ஆப்பைக் கையில் பிடித்துவிட்டீர்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

தேதி, மணி, திதி, ஏற்றமா வற்றமா, காற்றுத் திசை, மிதவை போன திசை, வாய் திறந்ததா, நாற்றம் எப்படி, பறவை என்ன, உப்பு எவ்வளவு. என் பழைய நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "பௌர்ணமி மறுநாள். காலை 11.40. வற்றம். திரு.வி.க. பாலம், மிதவை கிழக்கே, வேகமாக. நாற்றம் குறைவு. பவளக்காலி பதினொன்று. ஒருவர் வீச்சுவலையில் மடவை பிடிக்கிறார்." ஒரு வரி கூட அழகில்லை. ஆனால் அதே பாலத்தில் ஏப்ரலில் எழுதிய "மிதவை அசையவில்லை, கறுப்பு நீர், நாற்றம் தாங்கவில்லை, பவளக்காலி இரண்டு" என்ற வரியோடு சேர்த்துப் படித்தபோது, நடுவில் வாய் அடைபட்டது எனக்கே தெரிந்தது.

யாரோடு போவது

தனியாகப் போக வேண்டாம். நான்கு பேர் நல்ல எண்ணிக்கை. வளாகத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும் பெருங்கடல் மேலாண்மை நிறுவனமும் இருக்கின்றன; உங்கள் நோட்டில் பத்துப் பக்கம் சேர்ந்த பிறகு அங்கே போய்க் கேள்வி கேளுங்கள். கையில் பதிவோடு வருகிற முதல் வருட மாணவரை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும். 1988-லிருந்து மாணவர்களே நடத்திவரும் ஆமைப் பாதுகாப்புக் குழு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கிறது. வார இறுதிகளில் வெளியாட்களையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு இரவாவது போங்கள்.

அடுத்து எப்போது

வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு மூன்று நாள் கனமழைக்குப் பிறகு, வெள்ள எச்சரிக்கை விலகியதும் மீண்டும் உடைந்த பாலத்துப் பக்கம் போங்கள். பருவத்துக்கு முன்பே பொக்லைன் வைத்து மணல்திட்டை வெட்டி விட்டிருப்பார்கள். மீதியை ஆறு தானே வெட்டியிருக்கும். பழுப்பு நீர் கடலுக்குள் நெடுந்தூரம் விசிறி மாதிரி விரிந்திருக்கும், அதன் ஓரத்தில் பச்சைக் கடல் ஒரு கோடு போட்டது போல நிற்கும். அந்தக் கோட்டின் மேல் ஆலாக்கள் வட்டமிடும். இருட்டுவதற்குள் குப்பத்தைத் தாண்டிவிடுங்கள். பஸ் நிலையத்துக்கு வெளியே சோப்புப் போட்டுக் கைகால் கழுவிவிட்டு டீ குடியுங்கள். விடுதிக்குப் போனதும் நோட்டை எடுத்து, ஜனவரியில் எழுதிய வாயின் அகலத்துக்குப் பக்கத்திலேயே இன்றைய அகலத்தையும் எழுதுங்கள்.